வண்டி காயலான் கடைக்குப் போயிருச்சு... ஆர்.சி. யார் பேர்ல இருக்கு?



இந்தப் பக்கத்துல வழக்கமா கூட்டம், ஆர்ப்பாட்டம், தலைமை அறிக்கைன்னு பார்த்திருப்பீங்க. இன்னைக்கு உங்க வீட்டு வாசல்ல, நாலு டயரும் இறங்கி, கண்ணாடியில தூசி படிஞ்சு நிக்கிற பழைய கார் பத்தி. "கட்சிப் பக்கத்துல காயலான் கடை விஷயமா?"ன்னு சிரிக்காதீங்க. படிச்சு முடிக்கிறப்ப இது அரசியலா இல்லையான்னு நீங்களே சொல்லுங்க.

முதல்ல ஒரு ஃபார்வர்ட் பஞ்சாயத்து. "15 வருஷம் முடிஞ்ச கார் எல்லாம் ரோட்டுல வந்தா பறிமுதல், பெட்ரோல் பங்க்ல பெட்ரோல் போட மாட்டாங்க"ன்னு ஒரு மெசேஜ் சுத்துது. நம்ம வாட்ஸ்அப் குரூப்ல நம்ம ஆளுங்களே போடுறாங்க. அது டெல்லி கதை. டெல்லி சுற்று வட்டாரத்துல காற்று மாசுக்காக 10 வருஷ டீசல், 15 வருஷ பெட்ரோல் வண்டிகளுக்குத் தடை வந்தது நிஜம். 2025 ஜூலை 1 முதல் அந்த வண்டிகளுக்கு எரிபொருளே கிடையாதுன்னு அறிவிச்சு, மக்கள் கொந்தளிச்சதும் சில நாள்லயே அந்த உத்தரவை நிறுத்தி வைச்சதும் நிஜம். தமிழ்நாட்டுல அந்த விதி இல்லை. இங்க சொந்த காரோட பதிவு 15 வருஷம் செல்லும். அதுக்கப்புறம் ஆய்வுக்குக் காட்டி, தேறினா 5 வருஷம் 5 வருஷமா புதுப்பிக்கலாம். வயசு ஆயிருச்சுங்கிற ஒரே காரணத்துக்காக யாரும் உங்க காரைத் தூக்கிட்டுப் போக முடியாது. அந்த மெசேஜை வச்சுப் பயமுறுத்தி, நல்லா ஓடுற வண்டியை அடிமாட்டு விலைக்குக் கேட்டு வர்ற புரோக்கர்கள் இருக்காங்க. தயவு செஞ்சு இனிமே அதை ஃபார்வர்ட் பண்ணாதீங்க.

பறிமுதல் இல்லை. ஆனா வேற வழியில உங்களை நெருக்குறாங்க.

பழைய காரோட பதிவைப் புதுப்பிக்க முன்னாடி கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரல் 1 முதல் அது 5,000. 2025 ஆகஸ்ட்ல இன்னொரு அறிவிக்கை வந்து, 20 வயசு தாண்டிய காருக்கு 10,000 ரூபாய் ஆயிருச்சு. ஜி.எஸ்.டி. தனி. மூணரை வருஷத்துல 600-ல இருந்து 10,000. பைக்குக்கு 300 இருந்தது 1,000 ஆகி, 20 வருஷம் தாண்டினா 2,000. புதுப்பிக்காம விட்டா காருக்கு மாசம் 500 ரூபாய் தாமதக் கட்டணம் தனியா ஓடும்.

20 வருஷ காரை யார் வச்சிருக்காங்க? நிலக்கோட்டைப் பக்கம் தன் தோட்டத்து மல்லிகைப்பூவை விடியக்காலையில மார்க்கெட்டுக்குக் கொண்டு போக ஒரு ஆம்னி வச்சிருக்கிற விவசாயி. ரிட்டயர் ஆனப்ப வந்த பணத்துல செகண்ட் ஹேண்ட்ல ஒரு சான்ட்ரோ வாங்கி, ஆஸ்பத்திரிக்கும் குலதெய்வம் கோயிலுக்கும் மட்டும் எடுக்கிற தாத்தா. மூணு வருஷத்துக்கு ஒரு கார் மாத்துறவங்களுக்கு இந்தக் கட்டணம் எவ்வளவுன்னே தெரிஞ்சிருக்காது.

இன்னொரு கணக்கையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. 50 வருஷத்துக்கு மேல ஆன கார்களுக்கு 'விண்டேஜ்'னு 2021-ல தனிப் பதிவு கொண்டு வந்தாங்க. முதல் பதிவுக்கு 20,000. அது 10 வருஷம் செல்லும். அப்புறம் புதுப்பிக்க 5,000 ரூபாய்தான். அந்த வண்டியை தினமும் ரோட்டுல ஓட்ட முடியாது, கண்காட்சி, பேரணி மாதிரிதான் எடுக்கலாம். அதையும் நேர்மையா சொல்லிடணும். ஆனாலும் கணக்கு உதைக்குதா இல்லையா? பங்களா ஷெட்ல நிக்கிற 50 வருஷ காரைப் புதுப்பிக்க 5,000. பூ ஏத்துற 20 வருஷ ஆம்னிக்கு 10,000.

காற்று சுத்தமா இருக்கணுங்கிறதுல நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. புகை கக்குற வண்டி ரோட்டுல இருக்கக் கூடாது. அதுக்குப் புகையை அளக்கணும், பிரேக்கைப் பார்க்கணும். வயசைப் பார்த்துக் கட்டணத்தை ஏத்தினா, ஆய்வுல தேறின வண்டிக்கும் அதே தண்டனைதான். "ஓட்டாதே"ன்னு நேரடியா சொல்லாம "ஓட்ட முடியாதபடி" பண்றாங்க.

சரி, கட்ட முடியல, காரைத் தள்ளி விட்டுடலாம்னு முடிவு பண்றீங்க. என்ன பண்ணுவீங்க? நம்ம ஊர்ல பழக்கம் எல்லாருக்கும் தெரியும். காயலான் கடைக்காரர் வருவார். டயரைத் தட்டிப் பார்ப்பார். "இஞ்சின் போச்சு சார், எடைக்குத்தான்"ம்பார். 20,000-ல ஆரம்பிச்சு எங்கயோ ஒரு இடத்துல பேச்சு முடியும். ஆர்.சி. புக்கையும் கொடுத்து, 29, 30 ஃபார்ம்ல வெத்தா ரெண்டு மூணு கையெழுத்தும் போட்டுக் கொடுப்பீங்க. "பேரெல்லாம் நாங்க பார்த்துக்குறோம் சார்." வண்டி போயிரும். வாசல்ல இடம் காலி. வீட்டம்மா அந்த இடத்துல கோலம் போட ஆரம்பிச்சிருப்பாங்க.

ஆனா ஆர்.டி.ஓ. கம்ப்யூட்டர்ல அந்த வண்டி இன்னும் உங்க வீட்டு வாசல்லதான் நிக்குது.

நிறைய பேருக்குத் தெரியாத இடம் இதுதான். வித்தவர் வித்துட்டேன்னு நினைக்கிறதால சட்டத்துல உரிமையாளர் மாற மாட்டார். 2018 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லிருச்சு. பல கை மாறிய ஒரு கார் விபத்து பண்ணுச்சு. பேர் மாத்தாததால, பதிவேட்டுல யார் பேர் இருந்ததோ அவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்புன்னு தீர்ப்பு. அவர் அந்தக் காரை வித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. காப்பீடு இல்லாத வண்டியா இருந்தா அந்தத் தொகை சொந்தப் பணம், சொந்த வீடு வரைக்கும் வரும்.

"நான் எடைக்குத்தானே போட்டேன், உடைச்சிருப்பாங்க"ன்னு நீங்க சொல்லலாம். உடைச்சாங்களா? பார்த்தீங்களா? ஓடுற நிலையில இருக்கிற காரை யாரும் எடைக்கு உடைக்க மாட்டாங்க. ஒரு பேட்டரி மாத்தி, கார்புரேட்டரைத் துடைச்சு, அடுத்த மாவட்டத்துல 40,000-க்கு வித்துருவாங்க. அங்கேர்ந்து இன்னொருத்தர். 2022 அக்டோபர் 23, கோவை உக்கடம் கார் வெடிப்பு ஞாபகம் இருக்கா? அது ஒரு பழைய மாருதி 800. பல கை மாறிய வண்டி. யார்கிட்ட இருந்து யாருக்குப் போச்சுன்னு போலீஸ் பழைய உரிமையாளர்கள் வரிசையைத்தான் தோண்ட வேண்டி வந்தது. எந்தத் தப்பும் பண்ணாத ஒரு குடும்பத்து வாசல்ல ராத்திரி போலீஸ் ஜீப் வந்து நின்னா எப்படி இருக்கும்னு கொஞ்சம் யோசிங்க. அவ்வளவு தூரம் வேண்டாம், செம்மரமோ ரேஷன் அரிசியோ கடத்தி மாட்டினாலும் முதல் போன் பதிவேட்டுல இருக்கிற நம்பருக்குத்தான்.

அதனால, காரை எடைக்குப் போட்டாலும் பதிவை ரத்து பண்ணணும். இது உங்க விருப்பம் இல்லை, சட்டப்படி உங்க கடமை. மோட்டார் வாகனச் சட்டம் 55-வது பிரிவு, வண்டி அழிஞ்சாலோ நிரந்தரமா ஓட்ட முடியாம ஆனாலோ 14 நாளுக்குள்ள உரிமையாளர் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிச்சு ஆர்.சி.யை ஒப்படைக்கணும்னு சொல்லுது. உள்ளூர் கடையில உடைக்கக் கொடுத்தா, சேஸிஸ் நம்பர் பொறிச்ச தகட்டை வெட்டி உங்க கையில வாங்கிக்கோங்க. பல ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல அந்தத் துண்டைக் கேட்பாங்க. அந்தக் கால்சாண் இரும்பு உங்க கையில இருக்கிற வரைக்கும் அந்த நம்பர்ல இன்னொரு வண்டி ஓடுறது கஷ்டம். கடைக்காரர் தர மாட்டேன்னா, அவர் எதுக்கு வாங்குறார்னு உங்களுக்குப் புரிஞ்சிடும்.

ரத்து பண்ணப் போறதுக்கு முன்னாடி ஆர்.சி.யை ஒரு தடவை புரட்டுங்க. 2006-ல லோன் போட்டு வாங்கி, 2011-ல கடைசித் தவணை கட்டி, ஸ்வீட்டும் கொடுத்திருப்பீங்க. ஆனா ஹெச்.பி. கேன்சல் பண்ணியிருக்க மாட்டீங்க. ஆர்.சி.யில இன்னும் அந்த ஃபைனான்ஸ் கம்பெனி பேர் இருக்கும். அவங்ககிட்ட என்.ஓ.சி.யும் 35-ம் நம்பர் ஃபார்மும் வாங்காம ஒரு அடி நகராது. அந்தக் கம்பெனி மூடியிருந்தா, வேற கம்பெனியோட இணைஞ்சிருந்தா, அது தனி அலைச்சல். நிலுவையில இருக்கிற அபராதச் சலானையும் கட்டணும். ஃபாஸ்டேக் ஒட்டியிருந்தா பிய்ச்சு எடுத்து, வங்கியில சொல்லிக் கணக்கை மூடிடுங்க. வண்டியோட சேர்த்து அதையும் விட்டுட்டு, எந்தெந்த டோல்கேட்லயோ தன் பணம் போறதைப் பார்த்துக்கிட்டு இருக்கிறவங்க உண்டு.

எங்க ஹெல்ப் டெஸ்க்குக்கு வர்ற கேள்விகள்ல அடிக்கடி வர்றது "அப்பா பேர்ல இருக்கு, அப்பா இல்லை" தான். இதுல அவசரப்பட்டு அப்பா கையெழுத்தை நீங்களே போட்டு வித்துடாதீங்க, அது மோசடி வழக்கு. இறந்தவர் பேர்ல இருக்கிற வண்டிக்கு 31-ம் நம்பர் ஃபார்ம். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மத்த வாரிசுகளோட சம்மதம் வேணும். உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள்ள தகவல் சொல்லி, 3 மாசத்துக்குள்ள விண்ணப்பிக்கணும்னு விதி. துக்க வீட்டுல யாருக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்கும்? வெளிநாட்டுல இருக்கிற அண்ணன்கிட்ட கையெழுத்து வாங்கவே ஆறு மாசம் ஆகும். கடைசியில ஓட்டவும் முடியாம, விக்கவும் முடியாம, அப்பாவோட கார் அப்படியே மரத்தடியில மக்கிப் போகும். தமிழ்நாட்டுல எந்தத் தெருவுக்குப் போனாலும் இப்படி ஒண்ணு நிக்கும், பார்த்திருப்பீங்க.

ஒன்றிய அரசு என்ன வழி காட்டுது? 2021 ஆகஸ்ட் 13 அன்னைக்குப் பிரதமர் வாகன அழிப்புக் கொள்கையைத் தொடங்கி வைச்சார். அரசு பதிவு பெற்ற அழிப்பு மையத்துல காரைக் கொடுத்தா 'வைப்புச் சான்றிதழ்' ஒண்ணு தருவாங்க. உங்க வண்டி எந்த மாநிலப் பதிவா இருந்தாலும் எந்த மையத்துலயும் கொடுக்கலாம். திருட்டு வண்டியான்னு சரிபார்ப்பாங்க, பதிவு ரத்தும் முறையா நடக்கும். இந்த ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். உங்க ஊர்ப் பக்கம் மையம் இருந்தா, காயலான் கடையை விட ஆயிரம் ரெண்டாயிரம் குறைஞ்சாலும் அங்கயே கொடுங்கன்னுதான் நான் சொல்வேன். அந்தச் சான்றிதழ் ஒண்ணு போதும், ராத்திரி நிம்மதியா தூங்கலாம்.

ஆனா சலுகைகளைக் கொஞ்சம் பிரிச்சுப் பாருங்க. சான்றிதழைக் காட்டினா புது வண்டிக்குப் பதிவுக் கட்டணம் இல்லை. புது வண்டிக்கு வரியில 25% "வரை" மாநிலம் தள்ளுபடி தரலாம். புது வண்டிக்குக் கம்பெனிகள் 5% தள்ளுபடி கொடுங்கன்னு 2021-ல அறிவுரை. அந்த அறிவுரை என்ன ஆச்சு? 2024 ஆகஸ்ட்ல கார் கம்பெனிகள் ஒத்துக்கிட்டது 1.5% அல்லது 20,000, இதுல எது குறைவோ அது. 7 லட்ச ரூபாய் காருக்கு 5% கிடைச்சிருந்தா 35,000. 1.5%-ன்னா 10,500. ஷோரூம்ல பேரம் பேசினா சீட் கவர், மேட்டோட சேர்த்து அதை விட அதிகமா வாங்கிடலாம்.

எல்லாத்துலயும் வர்ற ரெண்டு சொல் என்ன? புது வண்டி. அந்தச் சான்ட்ரோ தாத்தா இனிமே புது கார் வாங்கப் போறதில்லை. அவர் கையில வர்றது இரும்பு விலை மட்டும். புது வண்டி விலையில 4 முதல் 6% வரைக்கும் பழைய வண்டிக்குக் கிடைக்கும்னு கொள்கை அறிவிப்புல சொன்னாங்க. அதாவது 5 லட்ச ரூபாய் ரகத்துக்கு 20,000-ல இருந்து 30,000. சான்றிதழைப் புது கார் வாங்குற இன்னொருத்தருக்கு விக்கலாம்னு விதி இருக்கு. ஆன்லைன்ல அதை வித்துப் பணமாக்குற அளவுக்கு அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தது? ஆக, பழைய காரை ஒழிக்கிற கொள்கைன்னு பேர். பலன் போற இடம் புது கார் விக்கிறவங்க கல்லா.

நான் படிச்சது மெக்கானிக்கல், அதனால இதையும் சொல்லாம விட முடியல. ஒரு காரோட எடையில ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கு இரும்பும் எஃகும். மிச்சத்துல அலுமினியம், செம்பு ஒயர், ஈய பேட்டரி. பெட்ரோல் காரோட புகைக்குழாய்ல கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருந்தா அதுக்குள்ள பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கு. வாங்குறவருக்கு அதோட விலை தெரியும், உங்களுக்குத் தெரியாது. அதைத் தனியா பேசுங்க. அதே கார்ல கெடுதலும் இருக்கு. மூணு நாலு லிட்டர் கறுத்த இஞ்சின் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட், பேட்டரி அமிலம். ஏ.சி.யில இருக்கிற ஆர்-134ஏ வாயு, கார்பன் டை ஆக்சைடை விட ஆயிரம் மடங்குக்கு மேல பூமியைச் சூடாக்கக் கூடியது. திறந்த வெளியில குழாயை வெட்டினா 'புஸ்'ஸுன்னு எல்லாம் காத்துல. ஆயில் மண்ணுல.

அப்ப காயலான் கடைக்காரங்களை விரட்டிடணுமா? இங்கதான் பெரிய கம்பெனிகளோட நாம வேறுபடுறோம். சென்னை எழும்பூர் பக்கம் புதுப்பேட்டைக்குப் போயிருக்கீங்களா? எந்தக் காரோட எந்தக் கதவு கைப்பிடி வேணும்னாலும் அங்க ஒரு கடையில இருக்கும். கம்பெனியே உதிரி பாகம் நிறுத்தின வண்டியையும் ஓட வைக்கிற கைகள் அது. ஒரு பழைய ஆல்டர்னேட்டரைத் திரும்ப ஓட விடுறது, அதை உருக்கிப் புதுசா செய்யுறதை விட சுற்றுச்சூழலுக்கு நல்லது. எந்த இஞ்சினியரிங் காலேஜும் சொல்லித் தராத வேலை. ஆனா பதிவு பெற்ற அழிப்பு மையம் நடத்தணும்னா பெரிய இடம், கருவிகள், மாசுக் கட்டுப்பாட்டு அனுமதி, லட்சக்கணக்கில கட்டணமும் வங்கி உத்தரவாதமும் வேணும். பத்துக்குப் பதினஞ்சு கடையில தலைமுறையா தொழில் பண்றவரால அந்த வாசலை மிதிக்க முடியுமா? சட்டம் அவரை உள்ளே விடாது. அப்புறம் 'சட்டவிரோதத் தொழில்'னு அவர் மேலயே கேஸ்.

அதனால நம்ம அணி சார்பா மாவட்டத் தலைமைக்குக் கொடுத்திருக்கிற கோரிக்கை இதுதான். அழிப்பு மையம் எல்லா மாவட்டத்துலயும் வரணும், அதுல இந்தத் தொழிலாளர்கள் கூட்டுறவா சேர வழி இருக்கணும். பொது இடத்தையும் ஆயில், வாயு எடுக்கிற கருவியையும் அரசு போடட்டும், உடைக்கிற கையை அவங்க தரட்டும். 20 வருஷ வண்டிக் கட்டணத்தை ஒன்றிய அரசு திரும்பப் பெறணும், ஆய்வுல தேறினா பழைய கட்டணமே போதும். காரை ஒப்படைச்சுட்டுப் புது கார் வாங்காதவருக்கும் ஏதாவது கையில கிடைக்கணும், பஸ் பாஸா இருந்தாலும் சரி. இறந்தவர் பேர்ல இருக்கிற, ஓடாத வண்டியோட பதிவை ரத்து பண்ண மட்டும் ஒரே ஒரு வாரிசு உறுதிமொழி கொடுத்தா போதும்னு மாத்தணும். விக்கிறதுக்கு எல்லார் சம்மதமும் கேளுங்க, நியாயம். மக்கிப் போனதை ஒழிக்கக் கூடவா துபாய்ல இருந்து கையெழுத்து?

இதெல்லாம் நடக்கிற வரைக்கும் உங்களை நீங்கதான் காப்பாத்திக்கணும். ஓடுற காரை டீலர்கிட்ட கொடுக்கிறதா இருந்தா, அவர் ஆர்.டி.ஓ. அங்கீகாரம் பெற்றவரான்னு கேளுங்க. 2023 ஏப்ரல் முதல் அதுக்குத் தனி விதி இருக்கு. 29-சி ஃபார்ம் ஆன்லைன்ல ஏத்திட்டா, அந்த நிமிஷத்துல இருந்து வண்டிக்கு அவர் பொறுப்பு. ஏற்கெனவே வித்துட்டீங்க, வாங்கினவர் எங்க இருக்கார்னே தெரியலன்னா, விற்ற தேதி, பணம் வந்த விவரம், வாங்கினவரோட அடையாள அட்டை நகல், எது கையில இருக்கோ அதோட ஆர்.டி.ஓ.வுக்குப் பதிவுத் தபால் அனுப்பி ஒப்புகை அட்டையைப் பத்திரமா வைங்க. இதனால பொறுப்பு மொத்தமா போயிரும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா நாளைக்குக் கேள்வி வந்தா காட்ட ஒரு காகிதம் இருக்கும். முடிஞ்சா வக்கீல் ஒருத்தர்கிட்டயும் பேசிடுங்க, நம்ம வழக்கறிஞர் அணி இருக்கு.

இப்பவே ஒரு வேலை பண்ணுங்க. எம்-பரிவாஹன் செயலியைத் திறந்து, இதுவரைக்கும் உங்க வீட்டுல வித்த ஒவ்வொரு வண்டி நம்பரையும் போடுங்க. கார் மட்டும் இல்லை, காலேஜ் படிக்கிறப்ப வித்த அந்த ஸ்ப்ளெண்டரையும். உரிமையாளர் பேரோட சில எழுத்து மட்டும்தான் காட்டும், ஆனா உங்க பேரா இல்லையான்னு கண்டுபிடிக்க அது போதும். உங்க பேர்தான் வருதுன்னா, ஆர்.சி. நகல், ஹெச்.பி. விவரம், விற்ற காகிதம் ஏதாவது இருந்தா அது, எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு உங்க வார்டு ஐ.டி. அணிப் பொறுப்பாளரைப் பாருங்க. ஃபார்ம் நிரப்பித் தர்றதுக்குக் காசு கிடையாது. கட்சி உறுப்பினர் அட்டையும் கேட்க மாட்டோம்.